எடைக்குப் போன எழுத்து

பழைய புத்தகக் கடையைப் பற்றித் தமிழில் வந்திருக்கிற கட்டுரைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் படித்தால், எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோலத் தோன்றும். எழுத்தாளர் ஒரு சாயங்காலம் நடைபாதையில் குனிகிறார். தூசி தட்டுகிறார். எங்கே தேடியும் கிடைக்காத முதல் பதிப்பு ஒன்று அவர் கையில் அகப்படுகிறது. கடைக்காரர் அதன் அருமை தெரியாமல் பத்து ரூபாய் கேட்கிறார். இல்லாவிட்டால் அருமை தெரிந்த ஞானியைப்போலச் சிரிக்கிறார். எப்படிப் பார்த்தாலும் கடைக்காரர் அங்கே ஒரு பொம்மைதான். அவருக்கு வீட்டு வாடகை கிடையாது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கிடையாது, கடையைத் தூக்கச் சொல்லும் போலீஸ்காரர் கிடையாது, சாதியும் கிடையாது. அவர் 'புத்தகக் காதலர்'. அவ்வளவோடு கட்டுரை முடிந்துவிடும்.

இந்த எழுத்துமுறை பற்றித்தான் இங்கே பேசவேண்டியிருக்கிறது. பழைய புத்தகம் விற்கிறவருக்குக் காதல் இருக்கிறதா இல்லையா என்பது நம்முடைய சண்டை இல்லை. இருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தூசியை முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு அந்தப் பண்டத்தின்மேல் பற்று இல்லாமல் எப்படி இருக்கும்? அந்தக் காதலை உழைப்பிலிருந்தும் பிழைப்பிலிருந்தும் பிரித்தெடுத்துச் சட்டம்போட்டு மாட்டுகிறார்களே, அதுதான் சண்டை. அப்படி மாட்டும்போது இரண்டு கேள்விகள் காணாமல் போகின்றன. ஒன்று, இந்தப் புத்தகம் யார் வீட்டிலிருந்து, யார் யார் கைமாறி இங்கே வந்தது? இரண்டு, எந்தப் புத்தகம் இங்கே வந்து சேரவே இல்லை?

*

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமையானால் காந்தி வீதி சந்தையாகிவிடும். சண்டே மார்க்கெட். துணிமணி, செருப்பு, பாத்திரம், பிளாஸ்டிக் சாமான் என்று இரண்டு பக்கமும் தார்ப்பாயை விரித்திருப்பார்கள். அதற்கு நடுவிலே பழைய புத்தகமும் உண்டு. பள்ளிக்கூட கைடு, போட்டித் தேர்வுப் புத்தகம், அட்டை கிழிந்த ஆங்கில நாவல், மாத நாவல், ஜோசியம், சமையல், பக்தி, இடையிலே ஒரு பிரெஞ்சு அகராதி. முதல் பார்வைக்குக் குப்பைபோல இருக்கும். அந்தக் குவியலுக்குள் ஒரு ஒழுங்கு இருப்பது நின்று பார்த்தால்தான் தெரியும். எது முன்வரிசை, எது அடியில், எதை நூலால் கட்டிவைப்பது, எதைப் பிரித்துப்போடுவது, மழை தூறினால் முதலில் எதை மூடுவது எல்லாமே கணக்கு. ஜூன் மாதம் பாடப்புத்தகம். பரீட்சை அறிவிப்பு வந்தால் கைடு. மற்ற நாளில் வயிறு கழுவுவது நாவலும் அகராதியும். இலக்கியம் என்று நாம் சொல்வது அவர் தொழிலில் ஓர் ஓரம்தான். அந்த ஓரத்தையும் விடாமல் வைத்திருக்கிறாரே, அதுதான் அவருடைய பிரியம்.

அந்தப் புத்தகம் வருகிற வழியைப் பாருங்கள். ஒரு வீட்டில் பெரியவர் செத்துப்போகிறார். பிள்ளைகள் வெளியூரிலோ பிரான்சிலோ இருக்கிறார்கள். வீட்டை இடிக்கிறார்கள் அல்லது ஓட்டலாக்குகிறார்கள். அலமாரி காலியாகிறது. சைக்கிளிலும் மூன்று சக்கர வண்டியிலும் வருகிற பழைய பேப்பர்காரர் தராசைப் பிடிக்கிறார். பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்து வருகிற தொழில் இது. கம்பராமாயணமும் கம்பெனிக் கணக்கும் அவர் தராசில் ஒரே விலை. அங்கேயிருந்து கிடங்கு. கிடங்கில் உட்கார்ந்து பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். செய்தித்தாள் தனி, அட்டை தனி, நோட்டுக் காகிதம் தனி, புத்தகம் தனி. அதில் புத்தகச் சாக்கைத்தான் நம்ம நடைபாதைக்காரர் வந்து பேரம்பேசி எடுக்கிறார். அவர் எடுக்காத மிச்சம் அரவை ஆலைக்குப் போகிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் புத்தகத்தின்மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். புத்தகம் சரஸ்வதி. ஆயுத பூசையன்று பொட்டுவைத்துப் படிக்காமல் அடுக்கிவைப்பார்கள். அதே புத்தகம் கோணிக்குள் விழுந்த மறுநிமிடம் சரஸ்வதி வெளியே போய்விடுகிறாள். அப்புறம் அது கழிவு. கழிவைத் தொட யாரை விதித்திருக்கிறதோ அவர்கள்தான் இதையும் தொடவேண்டும். கிடங்கில் கட்டின்மேல் உட்கார்ந்து கைநகம் கறுக்கப் பிரிக்கிற பெண்ணை எந்தப் புத்தகக் காதல் கட்டுரையிலாவது பார்த்திருக்கிறீர்களா? முதல் வாசகி அவள்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாவிட்டாலும் இது புத்தகம், இது புத்தகமில்லை என்று முதலில் தீர்ப்புச் சொல்கிறவள் அவள். நம்முடைய விமர்சன மரபு அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

*

இனி இரண்டாவது கேள்வி. எது வந்து சேரவில்லை?

பழைய புத்தகம் கிடைக்கவேண்டுமென்றால் அது முதலில் ஒரு வீட்டில் ஐம்பது வருஷம் கிடந்திருக்கவேண்டும். கிடப்பதற்குப் பரண் வேண்டும், அலமாரி வேண்டும், ஒழுகாத கூரை வேண்டும். ஊரில் மச்சுவீட்டுக்காரனிடம் இருந்தது நூறு வருஷம் கழித்தும் சந்தைக்கு வரும். சேரியில் ஓலைக் குடிசையில் இருந்த ஒரே ஒரு பத்திரிகை ஒரு தீயில், ஒரு மழையில் போய்விடும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் அடித்தபோதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிக் கொட்டியபோதும் கூரைக் கணக்கு எடுத்தார்கள், மாட்டுக் கணக்கு எடுத்தார்கள். நனைந்துபோன காகிதத்துக்குக் கணக்கு எடுத்தவர் உண்டா? ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், சங்கத்துத் துண்டறிக்கை, அம்பேத்கர் மன்றத்து நோட்டு எல்லாம் ஒன்றாகத்தான் ஊறிப்போயின.

ஆக, பழைய புத்தகக் குவியல் என்பது சமூகத்தின் பொது நினைவு இல்லை. பரண் வைத்திருந்தவர்களின் நினைவு. இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் குவியலில் இருப்பதுதான் தமிழ் இலக்கிய வரலாறு என்று எழுதினால், வீடு கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு வரலாறும் இல்லை என்றாகிவிடும். அப்படித்தான் ஆகியும் இருக்கிறது.

புதுச்சேரியின் கதையே இதற்குச் சாட்சி. பிரெஞ்சு ஆட்சி 1827இல் இங்கே பொது நூலகம் திறந்தது. இன்று ரோமன் ரோலண்ட் பெயரில் இருக்கிற நூலகம்தான் அது. தொடக்க காலத்தில் அதற்குள் வெள்ளையருக்கு மட்டும்தான் இடம். சமத்துவம், சகோதரத்துவம் என்று புரட்சி நடத்திய தேசத்தின் நூலகம்! 1881 செப்டம்பரில் வந்த ஓர் ஆணை, சொந்தச் சாதிவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்பவர்கள் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ள வழிசெய்தது. ரெனோன்சான் என்று இங்கே சொல்வார்கள், துறந்தவர்கள் என்று அர்த்தம். ஒடுக்கப்பட்ட சாதியாரும் கிறித்தவர்களும் அதில் நிறையப்பேர் சேர்ந்தார்கள். பெயரைக் கேட்டால் சாதி தெரியக்கூடாது என்கிற ஆசை அதில் இருந்தது. இப்படி ஒரு பெயர் மையில் எழுதப்பட்ட பழைய பிரெஞ்சுப் பாடப்புத்தகம் காந்தி வீதியில் கைக்குக் கிடைத்தால், அது யாரோ துரை வீட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். சாதியை உதறப் பார்த்த ஒரு குடும்பத்தின் கையெழுத்தாக இருக்கலாம். கடைக்காரர் அதை அகராதி விலைக்குக் கொடுத்துவிடுவார். முதல் பக்கத்தைப் படிப்பது நம்ம வேலை.

இதே ஊரில் பிரெஞ்சு நிறுவனத்திலும் தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியிலும் இருக்கிற சைவ ஆகமச் சுவடிகள் சுமார் 11,000. 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் அவற்றைச் சேர்த்தது. நல்லதுதான், காப்பாற்றட்டும். கோயிலுக்குள் யார் நுழையலாம், எதுவரை நுழையலாம் என்று வகுத்த நூல்களும் அவற்றில் அடக்கம். அந்தக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நடத்திய வாரப் பத்திரிகைகளுக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது?

*

இருக்கிறதைச் சொல்கிறேன். ஜெ. பாலசுப்பிரமணியம் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற தம் நூலில் 1869 முதல் 1943 வரை தலித்துகள் நடத்திய இதழ்களைத் தேடித் தொகுத்திருக்கிறார். படிக்கிறபோது பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வருகிறது. இவ்வளவு பத்திரிகை நடத்தியிருக்கிறோம். அதில் பலவற்றுக்கு ஒரு பிரதிகூட இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழின் முழுத் தொகுப்பு நம் கையில் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று வெள்ளைக்கார அரசாங்கம் ஆள்வைத்துச் சுருக்கி எழுதிய அறிக்கைகளில் அங்கங்கே நம் இதழ்களின் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எவன் நம்மை வேவு பார்த்தானோ அவனுடைய கோப்பில்தான் நம் குரல் மிஞ்சியிருக்கிறது. வீட்டுப் பரணில் மிஞ்சவில்லை.

அயோத்திதாசரின் 'தமிழன்' மிஞ்சியது எப்படி? 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று இராயப்பேட்டையிலிருந்து வரத் தொடங்கியது. 1914 மே மாதம் அவர் மறைகிறவரைக்கும் வாரந்தோறும் வந்தது. எண்பது வருஷத்துக்குப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் அந்தப் பெயரை உச்சரிக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் இதழ்களைச் சேர்த்துவைத்திருந்தார்கள். பூச்சி அரிக்காமல், எடைக்குப் போகாமல், பிள்ளைகள் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார்கள். அதிலிருந்துதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக இரண்டு தொகுதிகள் வந்தன. அதற்கப்புறம் தமிழ்ச் சிந்தனை வரலாற்றையே திருப்பி எழுதவேண்டியதாயிற்று. ஒரு வீட்டு அலமாரி எடைக்குப் போயிருந்தால் இந்த நூற்றாண்டுத் தமிழ் வேறாக இருந்திருக்கும். காகிதத்தைக் காப்பது அரசியல் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஆனால் சேகரிப்பாளர் என்றால் தமிழில் உடனே நினைவுக்கு வரும் பெயர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வீட்டையே புத்தகத்தால் நிரப்பினார். புத்தகம் மட்டுமா, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் வீசியெறிந்ததையும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபிறகு 1994இல் அதை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அந்தச் சேகரிப்பு இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவர் செய்தது மகத்தான காரியம், சந்தேகமே இல்லை. நான் கேட்பது வேறு. சேகரிக்கப் பணமும் அடுக்க வீடும் இருந்தவரின் ஆசைக்குப் 'பேரார்வம்' என்று பெயர். 'தமிழ'னை எடைக்குப் போகாமல் சேர்த்துவைத்துக் காத்த அன்பு பொன்னோவியம் போன்றவர்களின் உழைப்புக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்? முன்னவரைப் பற்றி ஆங்கிலத்திலேயே கட்டுரைகள் இருக்கின்றன. பின்னவர் நன்றியுரையில் ஒரு வரியாக நிற்கிறார்.

இது புது விஷயமும் இல்லை. ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள், நாலடியார் ஏடுகளை எல்லிஸ் துரைக்குக் கொடுத்தவர் என்று அயோத்திதாசர் எழுதிவைத்திருக்கிறார். குறள் அச்சான கதையைப் பேசுகிற எத்தனை பேர் அந்தப் பட்லரின் பெயரைச் சொல்கிறார்கள்? சமையற்கட்டிலிருந்து ஏடு வந்தது என்றால் தமிழுக்குத் தீட்டு ஒட்டிக்கொள்ளும்போலிருக்கிறது. எல்லிஸின் பெயர் நிற்கும். ஏட்டை இத்தனை தலைமுறை வைத்திருந்த குடும்பத்தின் பெயர் நிற்காது. கொடுத்தவரை மறப்பதுதான் பழைய புத்தகத் தொழிலின் மூலவிதி.

*

நடைபாதைக் கடைக்கு வருவோம். சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணா அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைப் புலவர்கள் இலக்கியம் என்று ஒப்புக்கொண்டதில்லை. கொலைச்சிந்து, ரயில் சிந்து, வெள்ளச் சிந்து என்று சாணிக் காகிதத்தில் அச்சடித்து விற்றார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 2004இல் 'முச்சந்தி இலக்கியம்' என்று நூலாக எழுதிய பிறகுதான் ஆய்வுலகம் திரும்பிப் பார்த்தது. 1900இல் திறந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. கூலிக்காரர் பிள்ளையும் கல்லூரிப் படி ஏறியது அந்தப் புத்தகங்களால்தான். 1985 மே 30இல் அது எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்கு ஒதுக்கப்பட்டார்கள். கட்டடத்தின் அழகைப் பற்றி இன்றும் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். எரிந்த சரக்குக்குக் கடைக்காரர்கள் வட்டி கட்டியதைப் பற்றி எழுதுவாரில்லை.

நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்க உறுப்பினர் அட்டை வேண்டும், அட்டைக்கு முகவரிச் சான்று வேண்டும், கையெழுத்துப்போட அதிகாரி வேண்டும். நடைபாதையில் குனிய எதுவும் வேண்டாம். யார் நீ, எந்தத் தெரு என்று புத்தகத்தைத் தொடுமுன் கேட்காத இடம் நம்ம ஊரில் ரொம்பக் கொஞ்சம். "எடுத்துப் பாரு தம்பி, பாக்கிறதுக்குக் காசா?" என்கிற ஒரு வார்த்தை எத்தனை பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறது! பாதி விலைக்குக் கிடைத்த கைடை வைத்துப் பரீட்சை எழுதி, பரீட்சை முடிந்ததும் அதே கடையில் திருப்பிக் கொடுத்துக் கால்வாசிக் காசு வாங்கிப்போன முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நம்மிடையே ஏராளம். இது எந்தக் கல்வித் திட்ட அறிக்கையிலும் வராத கல்வித் திட்டம்.

அண்ணல் அம்பேத்கரும் இந்தக் கடைகளின் வாடிக்கையாளர்தான். 1913இல் கொலம்பியாவுக்குப் படிக்கப்போனவர் நியூயார்க் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி ஏறத்தாழ 2,000 புத்தகங்கள் சேர்த்தார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் சொல்கிறார். உதவித்தொகையில் வயிற்றைக் கட்டி வாங்கியவை. ஊருக்குக் கொண்டுவரச் சொல்லி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்து சேர்ந்தவை கொஞ்சம்தான். 1917இல் லண்டனிலிருந்து திரும்பும்போது அவருடைய சாமான்கள் வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. அதே வருஷம் பரோடாவில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி சத்திரத்திலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். நியூயார்க் கடைக்காரன் புத்தகத்தைக் கொடுத்தான், பரோடா ஒரு கூரையைக் கொடுக்கவில்லை. பின்னால் பம்பாய் தாதரில் அவர் கட்டிய ராஜகிருகம் புத்தகங்களுக்கென்றே திட்டமிட்ட வீடு. படிப்புப் பைத்தியம் என்று அதைச் சொல்லிவிட்டுப் போகமுடியாது. கூரையில்லாதவனின் புத்தகம் நிலைக்காது என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்ட ஒருவர் எடுத்த முடிவு அது.

*

பழைய புத்தகக்காரரைக் கும்பிடவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அவர் வியாபாரி. எது போணியாகுமோ அதை முன்னால் வைப்பார். தலித் சிற்றிதழ் ஒன்றை நீட்டினால் "இது ஓடாது அண்ணே" என்று சாக்கில் திருப்பிப் போடுவார். அதுவும் ஒரு விமர்சனத் தீர்ப்புதான், சந்தையின் தீர்ப்பு. பேராசிரியர்கள் எதைக் கேட்டு வாங்குகிறார்களோ அது அவருக்கு அரிய நூல். யாரும் கேட்காதது கழிவு. நாம் கேட்காததால்தான் நம்முடையது கழிவாகிறது. 1990களில் ஊர் ஊராக வந்த நம் இதழ்கள், அம்பேத்கர் நூற்றாண்டு மலர்கள், மாநாட்டுத் தீர்மானங்கள், ரோனியோ எடுத்த அறிக்கைகள், 1992இல் வந்த 'கருக்கு'வின் முதல் பதிப்பு இவையெல்லாம் இப்போது பரணிலிருந்து இறங்கும் வயதில் இருக்கின்றன. அப்போது இளைஞராக இருந்த தோழர்களுக்கு இன்று அறுபது எழுபது வயது. வீடு மாறுகிறார்கள், சாகிறார்கள். அடுத்த தராசு நம் வீட்டு வாசலில் நிற்கிறது.

கணினியில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவை பெரிய வேலை செய்கின்றன. ஆனால் ஸ்கேன் செய்யப் பிரதி இருக்கவேண்டுமே! மிஞ்சியதைத்தான் கருவி படமெடுக்கும். மிஞ்சாததை அது கண்டுபிடித்துத் தராது.

செய்யவேண்டியது சின்னச் சின்ன காரியங்கள்தான். ஒவ்வொரு இதழிலும் ஐந்து பிரதி ஐந்து ஊரில் ஐந்து வீட்டில் இருக்கட்டும். ஒரே இடத்தில் குவித்தால் ஒரே மழை போதும். பழைய பேப்பர் கிடங்கில் வேலை செய்கிற நம் சனங்களிடம் போய், அம்பேத்கர் படம் போட்டது, நீலக்கொடி போட்டது எது வந்தாலும் ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். எடை விலைக்குமேல் காசு கொடுத்து வாங்குங்கள். இது தர்மமில்லை, அவர்களுடைய கண்ணுக்கும் கைக்கும் கூலி. நடைபாதைக் கடைக்காரருக்கு 2014ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி உரிமைச் சான்று கிடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் அவரோடு நகராட்சிக்குப் போங்கள். வரலாறு எழுதுகிறவர்கள் கூடப்போக வேண்டிய இடம்தான் அது.

கடைசியாக எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய புத்தகக் கடையைப் பற்றி இனி எழுதினால், உங்களுக்கு என்ன கிடைத்தது என்று எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். கடைக்காரர் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்காருங்கள். காலையில் தார்ப்பாய் விரிக்கிறதிலிருந்து ராத்திரி கட்டித் தூக்குகிறவரைக்கும் இருங்கள். எங்கே பிறந்தார், எதுவரை படித்தார், எந்தப் புத்தகத்தை விற்காமல் வீட்டில் வைத்திருக்கிறார், ஏன் என்று கேளுங்கள். அவர் வாயாலேயே சொல்லவிட்டு எழுதுங்கள். கிடங்கில் பிரிக்கிற அக்காவிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் போட நம் இதழ்களில் இடம் இருக்கிறது.